ஓடைக்கரையில் இரவு தங்கும் உரிமை

மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் போதும், கைப்பேசியில் விளம்பரங்கள் வரிசைகட்டி விடுகின்றன. மலைமேல் காடு, காட்டுக்குள் ஓடை, ஓடைக்கரையில் டென்ட், இரவில் கேம்ப் ஃபயர், காலையில் ஓடைக் குளியல். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல், வால்பாறை என்று எந்த மலையையும் விட்டுவைக்கவில்லை.

இதில் நாம் பேச என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் கேட்கக் கூடும். கூலிப் பிரச்சினை இருக்கிறது, பஞ்சமி நிலம் இருக்கிறது, வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு, வசதியானவர்கள் டென்ட் போட்டுப் படுப்பதைப் பற்றி எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். கேம்பிங் என்பதை உரித்துப் பார்த்தால் மூன்றே விஷயங்கள்தாம் மிஞ்சும். இரவு படுக்க ஓர் இடம், அள்ளிக் குடிக்கத் தண்ணீர், கழிவை அகற்ற ஒரு வழி. நம்மை ஊருக்கு வெளியே நிறுத்துவதற்குச் சாதி எடுத்துக்கொண்ட கருவிகளும் இதே மூன்றுதான். எங்கே குடியிருக்கலாம், எதில் தண்ணீர் எடுக்கலாம், யாருடைய கழிவை யார் சுமக்க வேண்டும் என்பதுதானே தீண்டாமையின் சட்டப்புத்தகம்? அந்தச் சட்டப்புத்தகம் மலையடிவாரச் செக்போஸ்டோடு நின்றுவிடாது. காட்டுக்குள்ளும் வரும்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போன ஒரு தலித் குழுவுக்கு என்ன நடந்தது என்பதை அண்ணல் அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார். 1934ஆம் ஆண்டு. தோழர்கள் சுமார் 30 பேருடன் எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். வழியில் தொல்லை வேண்டாம் என்பதற்காகத் தாங்கள் யார் என்பதை வெளியே சொல்லாமலே பயணம் செய்கிறார்கள். நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த தௌலதாபாத் கோட்டைக்கு வருகிறார்கள். வாசலருகே நீர் நிறைந்த ஒரு சிறு குளம். பயணத் தூசியில் வந்தவர்கள் முகம், கை, கால் கழுவுகிறார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று ஒரு முதியவர் கத்துகிறார், கூட்டம் கூடுகிறது. கடைசியில் கோட்டைக்குள் விட்டார்கள். ஆனால் உள்ளே எங்கும் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒரு காவலரைக் கூடவே அனுப்பினார்கள்.

வட்டமேசை மாநாடுகளில் பேசிவிட்டு வந்த மனிதருக்கு நடந்தது இது. அவர் அன்று உரிமை கேட்டுப் போராடப் போகவில்லை, சுற்றுலா போனார். சுற்றுலாப் பயணியாக இருக்கும் உரிமைகூட நமக்குத் தனியாகப் பெற வேண்டிய ஒன்றாக இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு மலைக்காட்டு கேம்ப்கிரவுண்டில் நடந்ததையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தில் ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடர் மீது ஷெனாண்டோவா தேசியப் பூங்கா இருக்கிறது. 1935இல் உருவானது. அதை உருவாக்குவதற்காக அந்த மலையில் தலைமுறைகளாக வாழ்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. பெரும்பாலும் ஏழை வெள்ளையர்கள். பூங்கா எல்லா மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் அரசின் சொத்து. ஆனால் அதற்குள் கறுப்பின மக்களுக்கென்று லூயிஸ் மவுண்டன் என்ற இடத்தில் தனி கேம்ப்கிரவுண்ட், தனி உணவகம், தனி அறைகள் அமைத்து 1939இல் திறந்தார்கள். வாசலில் 'நீக்ரோ பகுதி' என்றே பலகை வைத்தார்கள். காட்டுக்குள் ஒரு காலனி கட்டினார்கள் என்று சொன்னால் நம் ஆட்களுக்கு உடனே புரியும்.

அதற்கு அதிகாரிகள் சொன்ன காரணமும் நமக்குப் புதிதல்ல. உள்ளூர் வழக்கம் அப்படி, அதை மாற்ற நாங்கள் யார் என்றார்கள். ஊர்க் கட்டுப்பாட்டில் நாங்கள் தலையிட முடியாது என்று நம் தாசில்தார் சொல்வதைப் போல.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தேசியப் பூங்காக்களுக்குப் பொறுப்பான துறையின் அமைச்சராக இருந்தவர் ஹெரால்ட் இக்கஸ், கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் சிகாகோ கிளைக்கு முன்பு தலைவராக இருந்தவர். அவருடைய ஆலோசகராக வந்த கறுப்பினத்தவரான வில்லியம் டிரென்ட் இந்தப் பிரிவினையை எடுக்கச் சொல்லி விடாமல் அழுத்தம் கொடுத்தார். முதலில் ஒரு பிக்னிக் இடத்தை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக்கிப் பார்த்தார்கள். உலகப் போர் முடிந்ததும், 1945 இறுதியில், பூங்காக்களில் பிரிவினை கூடாது என்று துறை உத்தரவிட்டது. 1950இல் ஷெனாண்டோவாவில் அது முழுமையாக நிறைவேறியது. வர்ஜீனியாவின் பள்ளிகளில் வெள்ளைக் குழந்தையும் கறுப்புக் குழந்தையும் சேர்ந்து உட்கார முடியாத அந்தக் காலத்தில், மலைமேல் ஒரே உணவகத்தில் சாப்பிட்டார்கள். 1964 சிவில் உரிமைச் சட்டம் வருவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பு இது. வானம் இடிந்து விழவில்லை. லூயிஸ் மவுண்டன் இன்றும் அந்தப் பூங்காவின் மிகச் சிறிய கேம்ப்கிரவுண்டாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் டென்ட் போடலாம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். அரசு நினைத்தால், தன் கையில் இருக்கும் பொது நிலத்தில், சமூகம் மனம் மாறும்வரை காத்திருக்காமல் சமத்துவத்தை நடைமுறைக்குக் கொண்டுவர முடியும்.

இங்கே நம் மலைகளில் பலகை எதுவும் இல்லையே என்பார்கள். இல்லைதான். நிறத்தைப் போலச் சாதி முகத்தில் தெரியாது, அதனால் பலகை தேவைப்படுவதில்லை. கேள்விகள் போதும். கேம்ப் ஃபயரைச் சுற்றி உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும். "தம்பி எந்த ஊரு? அங்க எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு? குலதெய்வம் எது?" நான்காவது கேள்விக்குள் முடிவு தெரிந்துவிடும். நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் பொய் சொல்கிறார்கள், அல்லது தூக்கம் வருகிறது என்று டென்டுக்குள் போய்விடுகிறார்கள். 1934இல் அம்பேத்கரின் குழு அடையாளத்தைச் சொல்லாமல் போனதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அடுத்த சல்லடை பணம். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள்கூலி 319 ரூபாய். தனியார் முகாம்களில் ஓர் இரவுக்கு ஆளுக்கு ஆயிரத்துக்குக் குறைந்து இடம் கிடைப்பது அரிது. நான்கு பேர் உள்ள கூலிக் குடும்பம் ஓடைச் சத்தம் கேட்டுத் தூங்க வேண்டுமானால் இரண்டு வாரக் கூலியை எடுத்து வைக்க வேண்டும். ஓய்வு என்பது உழைக்காதவர்களுக்கும், உழைப்பு என்பது ஓய்வில்லாதவர்களுக்கும் ஒதுக்கப்பட்ட நாட்டில் இது தற்செயல் அல்ல.

ஆனால் ஓடை யாருடையது? சட்டத்தைப் பார்ப்போம். அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், பொது மக்கள் கூடும் இடங்கள் எதிலும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஆறு, ஓடை, ஊற்று என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அவற்றைப் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. ஓடை என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது தோழர்களே. எஸ்டேட் முதலாளியோ ரிசார்ட் முதலாளியோ வேலி போட்டு, நம் ஆட்களைப் பார்த்து "இந்தப் பக்கம் இறங்காதே" என்று சொன்னால் அது வெறும் அவமானம் அல்ல, வழக்கு.

மூன்றாவது விஷயம் கழிவு. உலகம் முழுக்க ஒழுங்காக கேம்பிங் செய்கிறவர்கள் ஒரு நெறியைப் பின்பற்றுகிறார்கள். கொண்டு போன குப்பையை நீயே திரும்பக் கொண்டு வா. கழிப்பறை இல்லாத காட்டில் ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டு, நீயே மூடு. சோப்பை ஓடையில் கரைக்காதே. இதைச் சுற்றுச்சூழல் ஒழுக்கம் என்றுதான் சொல்லித் தருகிறார்கள். நாம் இதைச் சாதி ஒழிப்பு ஒழுக்கம் என்றும் படிக்கிறோம். தண்ணீரைத் தானே சுமப்பது, பாத்திரத்தைத் தானே தேய்ப்பது, மலத்தைத் தானே புதைப்பது. இந்தியாவில் ஆதிக்கச் சாதியில் பிறந்த ஓர் ஆண் தன் வாழ்நாளில் ஒருமுறையாவது இவ்வளவையும் செய்ய நேர்ந்தால் அதைவிட நல்ல கல்வி வேறில்லை.

நடப்பது என்ன? விடுமுறை முடிந்த திங்கட்கிழமை ஏதாவது ஒரு மலை ஓடைக்குப் போய்ப் பாருங்கள். உடைந்த பீர் பாட்டில், பிரியாணிப் பொட்டலம், குழந்தைகளின் டயப்பர். குனிந்து பொறுக்குவது யார்? கண்ணாடிச் சில்லில் கை கிழிவது யாருக்கு? ரிசார்ட்டின் செப்டிக் டேங்க் நிறைந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? மனிதரை இறக்கக் கூடாது என்று 2013 சட்டம் தடுத்திருக்கிறது. அந்தச் சட்டம் மலைக்கும் சேர்த்துத்தான். ஓடைக்கரையில் இரவு தங்கியவருக்குக் கிடைத்தது இயற்கை. காலையில் வந்த தூய்மைப் பணியாளருக்குக் கிடைத்தது அவருடைய குப்பை. ஒரே ஓடைதான்.

மலையில் தங்கும் உரிமை என்று பேசும்போது மாஞ்சோலையைப் பேசாமல் விட முடியாது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகையாக 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டைப் பெற்றது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். காட்டைத் தேயிலையாக்கியது தொழிலாளர்களின் உழைப்பு. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அட்டைக்கும் மழைக்கும் நடுவே வாழ்ந்தார்கள். கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, தடியடிக்கு நடுவே தாமிரபரணியில் 17 உயிர்களை இழந்தோம். குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, 2024இல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் அவர்களை மலையை விட்டு இறங்கச் சொன்னார்கள். போக இடமில்லை என்று அவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

அங்கே புலிகள் காப்பகம் இருக்கிறது, காடு திரும்பட்டும் என்கிறார்கள். காடு திரும்புவதற்கு நாம் எதிரிகள் அல்ல. ஆனால் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். 2006 வன உரிமைச் சட்டப்படி, பழங்குடி அல்லாதவர் காட்டில் வாழும் உரிமை கேட்டால், 2005 டிசம்பர் 13க்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கேயே வாழ்ந்து காட்டை நம்பிப் பிழைத்ததாக நிரூபிக்க வேண்டும். எஸ்டேட் கூலிக்காரரிடம் 75 ஆண்டுக்கு எந்தக் காகிதம் இருக்கும்? காட்டில் ஓர் இரவு தங்க வரும் பயணிக்கோ ஆன்லைனில் ஒரு புக்கிங் போதும். உழைத்தவர் இறங்கவும் பார்க்க வருபவர் ஏறவும் ஒரே பாதை என்றால், அந்தப் பாதுகாப்பு யாருக்கானது என்று கேட்கத்தான் செய்வோம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. வரவேற்கிறோம். அரசு காட்டைப் பொதுவாக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அதிலிருந்து மேலே போகச் சொல்கிறோம்.

ஒன்று, ஓடைகளை ஒட்டித் தங்குவதற்கு ஏற்ற, காட்டுக்கும் விலங்குக்கும் கேடில்லாத இடங்களில் அரசே பொது முகாம்களை நடத்தட்டும். கட்டணம் ஒரு நாள் கூலியைத் தாண்டக் கூடாது. முதலில் வந்தவருக்கு முதல் இடம்.

இரண்டு, ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களையும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு இரவுகள் அங்கே அழைத்துச் செல்லட்டும். துணைத்திட்ட நிதியை எங்கெங்கோ திருப்பிவிடத் தெரிந்த அதிகாரிகளுக்கு, அதை இதற்கு ஒதுக்கவும் தெரியும்.

மூன்று, தன் குப்பையைத் தானே இறக்காத பயணிக்கு அபராதம் போடட்டும். கழிவுத் தொட்டியில் மனிதரை இறக்கும் முகாமின் உரிமத்தை ரத்து செய்யட்டும்.

நான்கு, மலையில் வாழ்ந்தவர்களை இறக்கிவிட்ட இடத்தில் பயணிகளுக்குத் தங்குமிடம் வரக் கூடாது. எந்த மலையில் முகாம் வந்தாலும் அதை நடத்தும் பொறுப்பும் வருமானமும் அங்கே வாழும் பழங்குடியினருக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் முதலில் போகட்டும்.

பசியும் படுகொலையும் இருக்கும்போது இது ஆடம்பரக் கோரிக்கை என்று யாராவது சொன்னால், மஹத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1927இல் சவுதார் குளத்துக்கு நம் மக்கள் போனது தாகத்துக்காக மட்டுமல்ல. எல்லோரையும் போல நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டப் போனார்கள். நம் வீட்டுப் பெண் குழந்தை ஒருத்தி ஓடையில் கால் நனைத்து, பயமில்லாமல், யார் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல், கூடாரத்துக்குள் அசந்து தூங்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் போராடுகிறோம்.

ஜெய் பீம்!