கோப்பு எழுதும் கை

'பொதுக்கொள்கை' என்றொரு படிப்பு இருக்கிறது. பட்டம் பெற்ற பிறகு, முதுகலையிலே, இரண்டாண்டுக் காலம் சொல்லித் தருகிறார்கள். பெங்களூரிலே தேசிய சட்டப் பள்ளியில் 2014-இல் தொடங்கினார்கள். டில்லியிலே இருக்கிறது; கடல் கடந்தால் ஆர்வார்டிலே இருக்கிறது. மருத்துவம் படித்தவன் நோய் பார்ப்பான், பொறியியல் படித்தவன் பாலம் கட்டுவான். இதைப் படித்தவன் என்ன செய்வான்? எந்த ஊருக்குப் பாலம், எந்த ஊருக்கு மருத்துவமனை, எவனுக்கு மானியம், எவனுக்குத் தடை என்று கோப்பு எழுதுவான்!

பாம்பன் கரையிலே வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். "பையன் பள்ளிக்கூடத்தைத் தாண்டுவதே பெரும்பாடு, கொள்கை படிக்க முதுகலைக்குப் போவதா?" என்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோப்பு அவர் வீட்டு அடுப்புவரை வந்து போகிறதே!

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பாக் நீரிணையிலே இழுவலை போடும் விசைப்படகை விட்டுவிடு, ஆழ்கடலுக்குப் போ, சூரை மீன் பிடி என்று 2017-இல் ஒரு திட்டம் வந்தது. நோக்கம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். இழுவலை கடலின் அடியைச் சுரண்டுகிறது. அதே 2017-இல் இலங்கை அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அக்கரையிலே வலை அறுபட்டு நிற்பவனும் தமிழ் பேசுகிறவன்தான். ஆகவே மாற்றுத் தேவை. படகு ஒன்றுக்கு 80 இலட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20, மீனவர் கைக்காசு 10. மூன்றே ஆண்டிலே 2,000 படகுகள்! கேட்கக் காது இனிக்கிறது. நடந்தது என்ன? ஆண்டுகள் உருண்டன, கட்டிய படகுகள் அந்த இலக்கின் அருகேகூட வரவில்லை.

ஏன்? இராமேசுவரத்து விசைப்படகு காலையிலே புறப்பட்டு மறுநாள் காலையிலே கரை சேரும் படகு. ஆழ்கடலுக்குப் போனவன் வாரக்கணக்கிலே திரும்பமாட்டான். தொழில் வேறு, வலை வேறு, வாழ்க்கையே வேறு! பத்து விழுக்காடுதானே என்று எழுதிவிட்டார்கள். எட்டு இலட்சம் ரொக்கமாக எந்த வீட்டிலே இருக்கிறது? அதற்கு மேல் வங்கிக்குப் பதினாறு இலட்சம். இழுவலைப் படகை ஒப்படைத்தவருக்குத்தான் புதுப் படகு. சரி, அந்தப் படகிலே பங்குக்கும் கூலிக்கும் போய்வந்தவர்கள் கதி? கரையிலே ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். உட்காராதவன் எழுதினான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்று 'விடு, விடு' என்கிறார்களே, அந்த இழுவலைப் படகை யார் கொடுத்தது? 1950-களிலும் 60-களிலும் நவீனமாகு என்று கடனும் மானியமும் தந்து விசைப்படகைக் கடலிலே இறக்கியதும் அரசாங்கக் கோப்புதான்! 1974-இலும் 1976-இலும் கடலிலே கோடு போட்டதும் கோப்புதான். கரையிலிருந்தவனைக் கேட்டா போட்டார்கள்?

கேட்டிருந்தால் சொல்லத் தெரியாதவனா அவன்? விசைப்படகுக்காரனுக்கும் நாட்டுப்படகுக்காரனுக்கும் கடலிலே மூண்ட பகை கொஞ்சநஞ்சமல்ல. வலைகள் அறுந்தன, மண்டைகள் உடைந்தன. பிறகு அதிகாரிகள் முன்னே இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, வாரத்திலே மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பாக் நீரிணையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எந்தப் பல்கலைக்கழகம் இதை எழுதிக் கொடுத்தது? அதுவும் கொள்கைதான், கோட்டையிலே எழுதியதைவிட நன்றாக நின்ற கொள்கை!

"அப்படியானால் படிக்காமலே முடிகிறதே, படிப்பு எதற்கு?" என்று மடக்குவீர்கள். அந்த ஏற்பாடு கரையிலே வாய்ச்சொல்லால் நிற்கிறது. 80 இலட்சத் திட்டமோ காகிதத்திலே வருகிறது. காகிதத்தைக் காகிதத்தால்தான் மறிக்கவேண்டும். வரவுசெலவுத் திட்டத்தைப் படிப்பது, வீடு வீடாகக் கணக்கெடுப்பது, ஒரு திட்டத்தால் யாருக்கு இலாபம் யாருக்கு நட்டம் என்று பிரித்துக் காட்டுவது, சட்டத்தின் ஓட்டையைப் பார்ப்பது: அந்த முதுகலையிலே சொல்லித்தருவது இவைதாம். மந்திரம் ஒன்றுமில்லை. எட்டு இலட்சம் என்ற இடத்திலே விரலை வைத்து, "இது நடக்காது, இப்படி மாற்று" என்று எழுதத் தெரிந்த ஒருவன் தங்கச்சிமடத்திலிருந்து போயிருந்தால் போதுமே!

மண்டபம் முகாமிலே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1940-களிலேயே வந்தது. தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போயிற்று. நிலையம் இங்கே இன்னும் இருக்கிறது. மீன் எங்கே முட்டையிடும் என்று ஆராய இடமுண்டு. மீனவன் எப்படிப் பிழைப்பான் என்று படிக்க?

கதவே இல்லை என்று சொல்லமுடியாது. 2022-இல் தமிழக அரசு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் கொண்டுவந்தது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் துணை நின்றது. மாதம் 65,000 ரூபாய் ஊதியம், முடிவிலே பொதுக்கொள்கையிலே முதுநிலைச் சான்றிதழ். நல்ல திட்டம். ஆனால் தகுதியைப் பாருங்கள்: பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்பிலே முதல் வகுப்பு, இல்லையேல் கலை, அறிவியலிலே முதுகலை. பி.ஏ. முடித்துவிட்டு வளைகுடாவுக்கு விசா தேடும் நம் பையனுக்கு, முதுகலை இல்லாமல் அந்த வாசற்படியே இல்லை!

1921-இல் வகுப்புவாரி ஆணை வந்தபோது நாம் கேட்டது நாற்காலி. நாற்காலி கேட்டவர்கள் பேனாவைக் கேட்கக்கூடாதா?

இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நிர்வாகத்துக்குப் பட்டயப் படிப்பு வைத்தது, 1937-இல், சென்னைப் பல்கலைக்கழகம். அந்தப் பெருமையைக் கரைக்குக் கொண்டுவருவதிலே என்ன கஷ்டம்? தொண்டியிலே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகம் இருக்கிறது. அங்கே பொதுக்கொள்கை முதுகலையைத் தமிழிலே தொடங்கட்டும். கட்டணத்தை அரசு ஏற்கட்டும். படிப்பகம் வைத்திருக்கும் தோழர்கள் ஊருக்கு இரண்டு பேரையாவது, அதிலே ஒரு பெண்ணையாவது, தேடிப் பிடித்து விண்ணப்பம் எழுதவைக்கட்டும். பாசி எடுக்கக் கடலிலே இறங்கும் தாய்மாரைப் பற்றிக் கோப்பு எழுதவும் ஆள் வேண்டுமல்லவா? தேர்வை மட்டும் ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவே வைக்கட்டும். அந்த 61 நாள்தான் விசைப்படகுக்குத் தடைக்காலம். 15-ஆம் நாள் பையன் கடலுக்குப் போய்விடுவான்.