தம்பிக்கு ஒரு யானைக் கதை

மாணவர்களே! நம் ஜீவனஹள்ளித் தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் ஒலிக்கின்றன. வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்குத் தமிழ்க் கதை படித்துக் காட்ட வேண்டியவர் நீங்களே என்பது என் கருத்து.

சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் ‘கஜபதி குலபதி’ என்னும் படக்கதையில், சளி பிடித்த யானை ஒன்று பெருந்தும்மல் போடுகிறது. அதைக் கண்டு குழந்தை அஞ்சாது, சிரிக்கும். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்திலும் விலங்குக் கதைகள் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன.

எழுத்துக்கூட்டிப் படிக்க நாணுகிறீர்களா? பிழையாகப் படித்தால் வகுப்பில் சிலர் நகைக்கலாம். மடியில் அமர்ந்த தம்பி நகைக்கமாட்டான். மீண்டும் படிக்கச் சொல்வான். ஐந்தாம் முறை படிக்கும்போது உங்கள் நாவும் தடுமாறாது. இன்று மாலையே ஒரு கதையைத் தொடங்குங்கள்.