கரண்ட் இல்லாத வைத்தியம்

"கரண்ட் வெக்கப் போறேன்" என்று எங்கள் தெருவில் ஒருவர் சொன்னால், அவருக்கு முட்டி வலி என்று மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். சாயங்காலம் பிசியோதெரபி அறைக்குப் போனால் திரை போட்ட கட்டில்களில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். முட்டியின் இரண்டு பக்கமும் பட்டை, தலைமாட்டில் மெஷின், மேலே ஃபேன். கால் மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்பும்போது அங்கே வேலை பார்க்கும் பெண் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டுவாள். கோட்டுச் சித்திரமாக ஒரு ஆள் அதில் காலைத் தூக்குவான், நாற்காலியிலிருந்து எழுவான், ஒற்றைக் காலில் நிற்பான். "இத டெய்லி வீட்ல பண்ணுங்க சார்." தாள் நாலாக மடிந்து சட்டைப் பைக்குள் போகும். அதற்கப்புறம் அதை யாரும் பார்த்ததில்லை.

முட்டித் தேய்மானத்தின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் தாள்தான் மருந்து என்பது என் கட்சி. மெஷின் கொடுப்பது கொஞ்ச நேரத்து இதம். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். கட்டிலில் படுக்கவைத்து யாராவது தன் காலைக் கவனிப்பது என்பது நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு அங்கே மட்டும்தான் கிடைக்கிறது. ஆனால் பில் போட்டு மெஷின் செய்தால் அது வைத்தியம், காசில்லாமல் நாமே செய்தால் 'சும்மா எக்சர்சைஸ்' என்று ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறதே, அதோடுதான் எனக்குச் சண்டை.

எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் 'கிரேடு டூ' என்கிறாரே, அந்தக் கணக்கு 1957இல் பிரிட்டனில் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் போட்டது. பூஜ்யத்திலிருந்து நாலு வரை போகும். இரண்டு என்றால் எலும்பின் ஓரத்தில் சிறிய முள் தெரிகிறது, இடைவெளி ஒருவேளை சற்றுக் குறைந்திருக்கிறது, அவ்வளவே. படத்துக்கும் வலிக்கும் அப்படியொன்றும் நெருங்கிய உறவு கிடையாது. மூன்று என்று எழுதிய படத்தை பீரோவில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்கு நடந்து போகிறவர்களும் உண்டு, ஒன்றுக்கே பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் 'டூ' என்று காதில் விழுந்ததுமே வீட்டில் தடையுத்தரவு கிளம்பிவிடும். மாடி ஏறாதே, கீழே உட்காராதே, பிரகாரம் சுற்றாதே. டாக்டர் சொன்ன தடைகளைவிட உறவினர்கள் சேர்த்தவை எப்போதும் அதிகம்.

இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பதில்தான் சிக்கல். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம். பாரம் விழும்போது அமுங்கி, பாரம் விலகும்போது திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது, பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் மாதிரி. அசையாத முட்டிக்கு அந்த ஊட்டம் சரியாகப் போய்ச் சேராது. போதாததற்கு, மூட்டில் கொஞ்சம் நீர் கோத்தாலே தொடையின் முன்பக்கத் தசை முழுசாக வேலை செய்யாதபடி நரம்புகள் அதை அடக்கிவிடுகின்றன. தசை இளைத்தால் நடையின் அதிர்வைத் தாங்க ஆளில்லை. வலி கூடும், நடை குறையும், தசை இன்னும் இளைக்கும்.

தாளில் இருக்கும் ஒற்றைக் கால் படத்தை எல்லோரும் முதலில் தள்ளிவிடுவார்கள். எனக்கும் அது விளங்கவில்லை. "ஏம்மா, எனக்கு முட்டிதானே வலிக்குது, தலையா சுத்துது? எதுக்கு ஒத்தக் கால்ல நிக்கணும்?" என்று தாள் கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். "நில்லுங்கம்மா, சொல்றேன்" என்றாள். நின்றேன். பரவாயில்லையே என்று நினைப்பதற்குள், "இடுப்பு ஒரு பக்கமா எறங்குது. முட்டி உள்ள போகுது பாருங்க" என்று எதிரே இருந்த கண்ணாடியைக் காட்டினாள். முட்டி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டுமாம். என்னுடையது கட்டைவிரலையும் தாண்டி உள்ளே போயிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டாலும் நம் முட்டி மடங்கியிருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று நமக்குத் தெரிகிறது. மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களிலும் உறையிலும் தசைகளிலும் இருக்கும் நரம்பு முனைகள், எந்தக் கோணம், எவ்வளவு பாரம் என்று மூளைக்கு ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. தேய்மானம் வந்த முட்டியில் அந்தச் சேதி மந்தப்படுகிறது. பஸ் படியிலிருந்து இறங்கும்போது, குளியலறை ஈரத்தில் திரும்பும்போது, "திடீர்னு கால் விட்ருச்சு" என்பார்களே, அதில் இதற்கும் பங்குண்டு. தொடையில் பலம் இருந்தால் மட்டும் போதாது, கால் வழுக்கும் அந்த நொடியில் அது வந்து சேரவும் வேண்டும்.

ஆகவே சமையல் மேடையை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. பழகிய பின் விரலை எடுப்பது. அப்புறம் மடித்த துண்டின் மேல் நிற்பது. மொசைக் தரையில் ஒரு பாதத்தின் அடியில் பழைய துணியைப் போட்டு, நிற்கிற காலின் முட்டி விலகாமல், மற்ற காலைப் பக்கவாட்டிலும் பின்னாலும் வழுக்கவிட்டு இழுப்பது. இது எனக்குப் பிடித்தது, தரையும் துடைத்தாகிவிடுகிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. அதைவிட முக்கியம், தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காருவது. கடைசிப் படியில் ஏறி, எண்ணி எண்ணி இறங்குவது.

இதையெல்லாம் முறைப்படி ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. டென்மார்க்கில் ஏவா ரூஸ், சோரன் ஸ்கோவ் என்ற இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் 2013இல் 'கிளாட்' என்றொரு திட்டம் தொடங்கினார்கள். முதலில் உட்காரவைத்து நோயைப் பற்றி விளக்குகிறார்கள். பிறகு வாரம் இரண்டு முறை, ஆறு வாரம், மொத்தம் 12 வகுப்புகள். ஆஸ்திரேலியா, கனடா, சீனா என்று பிறகு அது பரவியது. அங்கே சொல்லித்தரும் வலிக் கணக்கை நம் ஊர்ச் சுவரிலும் எழுதிவைக்கலாம். வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். பயிற்சியின்போது இரண்டுக்குள் இருந்தால் கவலையே இல்லை. ஐந்து வரை பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தைத் தாண்டினால், அல்லது மறுநாளும் வலி பழைய அளவுக்கு இறங்காவிட்டால், அடுத்த முறை குறைத்துச் செய்யுங்கள். வலித்தாலே தேய்கிறது என்று பயந்து நிறுத்துகிறவர்களுக்கு இந்த ஒரு விதி போதும்.

ஊசியும் ஆபரேஷனும் இல்லாமல் இதெல்லாம் எங்கே பலிக்கப்போகிறது என்பவர்களுக்கு இரண்டு சேதி. 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேருக்கு ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு முட்டிக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள். இரண்டு வருடம் கவனித்தும் வலியில் வித்தியாசம் இல்லை. 2020இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசியும் மறு பாதிக்குப் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பிசியோதெரபிக்காரர்களே மேல்.

அதற்காகப் பயிற்சியால் முட்டி இருபது வயதுக்குத் திரும்பும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம். கிடைக்கிற நிவாரணம் ஏறக்குறைய வலி மாத்திரை தருகிற அளவுதான். வயிற்றைக் கெடுக்காது என்பது லாபம். சமநிலைப் பயிற்சியைச் சேர்த்ததால் வலி கூடுதலாகக் குறைகிறதா என்று 2011இல் அமெரிக்காவில் 183 பேரிடம் பார்த்தபோது, வழக்கமான பயிற்சியைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. இருந்தும் நான் அதை விடுவதாக இல்லை. வயதான பிறகு இடுப்பெலும்பை உடைப்பது முட்டி வலி இல்லை, விழுதல். விழுவதைக் குறைக்கச் சமநிலைப் பயிற்சி உதவும் என்பதில் சந்தேகமில்லை.

எடையைப் பற்றி ஒரே வரி: ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது.

கிராமத்தில் இருக்கும் என் சித்திக்கு இந்த அறையும் கண்ணாடியும் கிடையாது. ஆனால் 2021 ஆகஸ்டில் வந்த தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதும் ஒரு பகுதி. பலர் அதைச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைத் திட்டம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

"தினம் வாக்கிங் போறேனே, போதாதா?" என்று கேட்பவர்கள் நிறைய. நல்லதுதான், விடாதீர்கள். ஆனால் சமதளத்தில் நேராக நடப்பதில் தொடைக்கு வேலை கம்மி, பக்கவாட்டுச் சமநிலைக்கு இன்னும் கம்மி. மாடிப்படிக்கும் ஒரு விதி உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கை பிடிச்சுவரில். முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, மடங்கினது நீளாமல் மாட்டிக்கொண்டாலோ, தாளை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.