ஆட்டைக் கடிச்சது எந்த நாய்?

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டிக்குள்ள நாய் புகுந்து ஆடு செத்துச்சுன்னு செய்தி வந்தா போதும், ரெண்டு கூட்டம் கிளம்பிடும். ஒரு கூட்டம் "எல்லா நாயையும் கொல்லு"ங்குது. இன்னொரு கூட்டம் "நாய் அப்படியெல்லாம் செய்யாதுங்க, வாயில்லா ஜீவன்"ங்குது. செத்துக் கிடக்கிற ஆடும் வாயில்லா ஜீவன்தான்ங்கறது ரெண்டாவது கூட்டத்துக்கு ஞாபகத்துக்கே வராது. கடிச்சது எந்த நாய்னு கேக்கணும்ங்கறது முதல் கூட்டத்துக்குத் தோணவே தோணாது.

ரெண்டு பேரையும் திட்டத்தான் இந்தப் பதிவு. :-)

மொதல்ல நாய்ப் பிரியர்கள். அய்யா, நாய் ஆட்டைக் கொல்லும். நிறையவே கொல்லும். காங்கேயம் பக்கம் கொறங்காடுன்னு ஒண்ணு இருக்கு. கிளுவை முள்வேலி போட்டு, வெள்வேல மரம் நிறுத்தி, கொழுக்கட்டைப் புல் வளரவிட்ட மேய்ச்சல் காடு. ராத்திரி ஆடுங்க அங்கேயே பட்டியில அடைஞ்சு கிடக்கும். நாலு நாய் கூட்டு சேர்ந்து உள்ள பூந்தா ஆடுங்க மிரண்டு ஓடும். ஓடுறதைப் பாத்தா நாய்க்கு வெறி ஏறும். பசிக்குத் தின்கிற வேலை இல்ல அது. ஒண்ணைக் கடிச்சுப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போகும். கடி படாத ஆடுகூட மூலையில நெரிஞ்சு, மிரட்சியிலயே சாகும். விடியறப்போ பத்து பதினைஞ்சு உருப்படி காலி. வெறும் மழையை நம்பி இருக்கிற அந்த ஊருல, ஆடுதான் புள்ளைங்க படிப்புச் செலவு, ஆடுதான் வைத்தியச் செலவு.

2024லயும் 2025லயும் செத்த ஆடுகளை ரோட்டுல போட்டு அந்த விவசாயிங்க போராடினது விளையாட்டுக்கு இல்ல. காட்டு மிருகம் அடிச்சா வனத்துறைகிட்ட இழப்பீடு கேக்கலாம். நாய் அடிச்சா அது யாரு கணக்குலயும் வராம இருந்துச்சு. அவ்வளவு கத்தினப்புறம்தான் 2025ல அரசாங்கம் நிவாரணப் பணம் ஒதுக்குச்சு. அந்த ஆளுகிட்ட போய் "நாய் செய்யாதுங்க"ன்னு சொல்றதுக்குப் பேரு ஜீவகாருண்யம் இல்ல, திமிரு.

இப்போ "எல்லாத்தையும் கொல்லு" கோஷ்டிக்கு வருவோம். உங்ககிட்ட மூணே மூணு கேள்வி.

1. கடிச்சுச் செத்துச்சா, செத்தப்புறம் கடிச்சுச்சா?

துள்ளுமாரி நோய் வந்த ஆடு சாயங்காலம் நல்லா மேஞ்சுட்டு வந்து விடியறதுக்குள்ள செத்துக் கிடக்கும். இளஞ்சோளப் பயிரைத் தின்ன ஆடு நின்ன இடத்துலயே சுருண்டு விழும். அப்புறமா வர்ற நாய் அந்தப் பொணத்தைத் தின்னா அது திருடனா இருக்கலாம், கொலைகாரன் இல்ல. எங்க அம்மா ஊருல வாயில ரத்தம் இருந்ததைப் பாத்து ஒரு கருப்பு நாயைக் கம்பத்துல கட்டி அடிச்சே கொன்னாங்க. அப்புறம் கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பாத்துட்டு, ஆடு செத்தது துள்ளுமாரியிலன்னு சொன்னாரு. மிச்ச ஆட்டுக்கு ஊசி போட்டாங்க. நாய்க்கு என்ன போட முடியும்?

இதைக் கண்டுபிடிக்க பெரிய ஆய்வுக்கூடம் எல்லாம் வேணாம். கடிபட்ட இடத்துல தோலை உரிச்சுப் பாத்தா போதும். உயிரோட இருக்கும்போது கடிச்சிருந்தா தோலுக்கு அடியில ரத்தம் கட்டிப்போய்க் கிடக்கும். பொணத்தைக் கடிச்சிருந்தா கட்டாது. ஒரு கத்தியும் அரைமணி நேரமும் செலவு. அதைக்கூடச் செய்யாம தீர்ப்பு சொல்ல என்ன அவசரம்?

2. நாயா, வேற எதுவுமா?

சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைப் பிடிக்கும். பல் இறங்கின ஓட்டை ஆழமா இருக்கும், இரையை இழுத்துட்டுப் போய் மறைவா வச்சுத் தின்னும். நரி குட்டிகளைத்தான் குறிவைக்கும். நாய் கடிச்சா பின்தொடை, விலா, காது, வால்னு கண்ட இடத்துல கிழிஞ்சு கிடக்கும், தின்னது கம்மியா இருக்கும். காலடியில நகம் பதிஞ்சிருந்தா நாய் இனம். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ள இழுத்துக்கும். பழகின நாயும் தொண்டையைப் பிடிக்கும்ங்கறதால ஒரே அடையாளத்தை வச்சு முடிவு பண்ணக்கூடாது. நாலஞ்சையும் சேத்துப் பாக்கணும்.

3. நாய்தான்னே வச்சுக்குவோம். எந்த நாய்?

இங்கதான் நம்மாளுங்க கம்முன்னு ஆயிடுவாங்க. ஏன்னா எல்லா நாயும் தெருநாய் இல்ல. பகல்ல கட்டிப்போட்டு ராத்திரி அவுத்துவிடற தோட்டத்து நாயும் பக்கத்துக் காட்டுக்குள்ள பூரும். காலையில நல்ல புள்ளையா வாசல்ல வந்து படுத்துக்கும். "எங்க நாய் ராத்திரி பூரா வீட்டுலதான் கிடந்துச்சு"ன்னு ஓனர் சத்தியம் பண்ணுவாரு. பழியை ஏத்துக்க ஆளில்லாத தெருநாய் தலையில கட்டிட்டா யாருக்கும் நஷ்டம் இல்லியே! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

வெளிநாட்டுல என்ன பண்றாங்க? ஸ்காட்லாந்துல 2021ல வந்த சட்டத்துல, ஆட்டைத் தாக்கினதா சந்தேகப்படற நாயைப் பிடிச்சு, தடயம் இருக்கான்னு கால்நடை மருத்துவரை வச்சு சோதிக்க அதிகாரம் இருக்கு. குத்தம் நிரூபணமானா நாய்க்குப் பொறுப்பானவருக்கு 40,000 பவுண்டு வரைக்கும் அபராதம், 12 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். ஜெர்மனியில 2022 செப்டம்பர்ல ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லயனோட குட்டைக் குதிரையை ஓநாய் கொன்னுச்சு. காயத்துல இருந்த டி.என்.ஏ.வை வச்சு, எந்த ஓநாய்ங்கறது வரைக்கும் சொன்னாங்க.

"ஒத்த ஆட்டுக்கு டி.என்.ஏ.வா?"ன்னு சிரிக்காதீங்க. ஒவ்வொரு ஆட்டுக்கும் வேணாம். திரும்பத் திரும்ப ஒரே இடத்துல அடிச்சா செய்யலாமே. யாரும் கழுவறதுக்கு முன்ன, வேற நாய் வந்து நக்கறதுக்கு முன்ன, சுத்தமான பஞ்சுக் குச்சியால காயத்தை ஒத்தி எடுத்து, காயவச்சு, காகித உறையில போடணும். பிளாஸ்டிக் பையில போட்டா ஈரத்துல கெட்டுடும். வனவிலங்கு வழக்குகளுக்கு இந்த மாதிரி சோதனை செய்யற ஆய்வகம் ஐதராபாத்துலயே இருக்கு. அதை விடுங்க, கையில இருக்கிற செல்போன்ல காயத்தையும் காலடியையும் படம் பிடிக்கக்கூடவா காசு?

நாம செய்யறது என்ன? கறித்துண்டுல குருணை மருந்தைக் கலந்து வேலியோரம் வீசறது. அதை நாய் மட்டுமா தின்னும்? கீரி தின்னும், காக்கா தின்னும், பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாயும் தின்னும். மிருகத்துக்கு விஷம் வச்சுக் கொன்னா பாரதிய நியாய சன்ஹிதா 325ஆவது பிரிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். சட்டத்தை விடுங்க, பலனைப் பாருங்க. அப்பாவி நாய் பத்து செத்து, ஆட்டைக் கொன்ன நாலும் தப்பிச்சிருந்தா அடுத்த வாரம் அதே பட்டியில மறுபடி ஆடு சாகும். தப்பான ஆளைத் தூக்குல போட்டா நிஜக் கொலைகாரனுக்குத்தான் கொண்டாட்டம்.

2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி டெல்லித் தெருநாய் வழக்குல உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு நாயைப் பிடிச்ச இடத்துலயே விடணும், வெறிநோய் இருக்கிறதையும் ஆக்ரோஷமானதையும் மட்டும் விடக்கூடாதுன்னு சொல்லுச்சு. சரி, ஆக்ரோஷமான நாய் எதுன்னு யார் சொல்றது, எதை வச்சுச் சொல்றது? தடயம் பாக்கிற பழக்கமே இல்லாத ஊருல, எவன் சத்தமா கத்தறானோ அவன் சொல்ற நாய்தான் ஆக்ரோஷமான நாய்.

மனுநீதிச் சோழன் கதையை மேடைக்கு மேடை சொல்றோம். கன்னுக்குட்டிக்காக மகனையே தேர்க்கால்ல போட்டாரு சரி. தீர்ப்புக்கு முன்னாடி மணி அடிச்ச பசு எதுக்கு அடிச்சுச்சுன்னு மந்திரிகிட்ட விசாரிச்சாரு பாருங்க, அதை யாரும் சொல்றதில்ல.

நான் கேக்கறது நாய்க்கு மன்னிப்பு இல்ல. விசாரணை. ஆடு செத்தா அன்னைக்கே கால்நடை மருத்துவர் வரணும், தோலை உரிச்சுப் பாத்து எழுதிக் கொடுக்கணும், அந்தச் சீட்டைக் காட்டினா இழைக்காம பணம் கைக்கு வரணும். வளர்ப்பு நாய்னு தெரிஞ்சா ஓனர் அழணும். தெருநாய்னு தெரிஞ்சா அந்தக் கூட்டத்தைப் பிடிக்கணும், அதுக்குத் தீனி போடற கோழிக்கடைக் கழிவை ஓடையில கொட்டறவனையும் சேத்துப் பிடிக்கணும். இதுல ஆட்டுக்காரருக்கு எதிரா ஒரு வார்த்தை இருந்தா காட்டுங்க.

நாயை மொத்தமா ஒழிக்கணும்ங்கறவங்களும் நாய் தப்பே செய்யாதுங்கறவங்களும் பின்னூட்டத்துல வரிசையா வாங்க. வரும்போது ஒரு ஆட்டோட தோலையாவது உரிச்சுப் பாத்துட்டு வாங்க.