மாத்திரை கேட்பதற்கு முன்

வயிற்றுப்போக்கோடு குழந்தையைத் தூக்கி வரும் பெற்றோர் எங்களிடம் முதலில் கேட்பது, "இதை உடனே நிறுத்த ஒரு மருந்து கொடுங்கள், டாக்டர்" என்பதே. பதிலுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை நீட்டினால் முகம் வாடிவிடுகிறது. வெறும் உப்புத் தண்ணீருக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்ற எண்ணம் அவர்களுக்கு. அப்பொட்டலத்தின் மதிப்பை நாங்கள் விளக்கிச் சொல்லாததும் இதற்கு ஒரு காரணம்.

குடலின் உட்சுவரிலுள்ள செல்களின் மேற்பரப்பில் தூரிகை இழைகளைப் போல நுண்விரல்கள் நெருங்கி நிற்கின்றன. உணவின் சத்து அவற்றின் வழியாகவே உடலுக்குள் செல்கிறது. ஓடும் உணவோடு அடித்துச் செல்லப்படாமல் ஒரு கிருமி அங்கே தங்க வேண்டுமானால், செல்லை இறுகப் பற்றியாக வேண்டும். குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ஈ.கோலை வகை ஒன்று இதைச் செய்யும் விதம், கிருமியே ஆயினும் வியக்க வைப்பது. முதலில் மெல்லிய நூலிழைகளால் தளர்வாகத் தொற்றிக்கொள்கிறது. பிறகு ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியே, தான் தயாரித்த புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அப்புரதம் செல்லின் மேற்பரப்பில் வந்து பதிய, அதையே பிடியாகக் கொண்டு ஒட்டிக்கொள்கிறது. விருந்தாளி தன் நாற்காலியையும் தானே சுமந்து வருவதைப் போன்றது இது. 1997-இல் கனடாவின் வான்கூவரில் பிரெட் ஃபின்லேயின் ஆய்வுக்குழு இதனை வெளிப்படுத்தியது. கிருமி அமர்ந்த இடத்தில் நுண்விரல்கள் அழிகின்றன. உறிஞ்சும் பரப்பு குறைகிறது.

அப்படியானால் ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியைக் கொல்லலாமே என்று கேட்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தேவைப்படுவதில்லை. பல வயிற்றுப்போக்குகளுக்கு வைரஸே காரணம். அதனிடம் ஆன்டிபயாடிக் பலிக்காது. மேலும், குடலின் உட்சுவர்ச் செல்கள் 3 முதல் 5 நாட்களில் உதிர்ந்து புதியவை தோன்றுகின்றன. ஒட்டிய கிருமிகளும் அவற்றோடு வெளியேறுகின்றன. அதுவரை உடலில் நீரும் உப்பும் வற்றாமல் காப்பதே முதல் சிகிச்சை. எஞ்சிய நுண்விரல்களில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளிழுக்கும் வழி திறந்தே இருக்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. ஓ.ஆர்.எஸ். பயன்படுத்துவது அந்த வழியைத்தான். 1971-இல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார்.

எங்களை மிகவும் வருத்துவது, "குடித்தால் இன்னும் போகும்" என்று தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்திவிடும் வழக்கம். போக்கு குறைந்ததாகத் தோன்றும், குழந்தையோ வற்றிக்கொண்டிருக்கும். குடலசைவைக் கட்டும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிச் சிறு குழந்தைக்குக் கொடுப்பதும் ஆபத்தானதே.

உறையில் குறித்த அளவு காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண்கள் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ நள்ளிரவானாலும் உடனே அழைத்து வாருங்கள். ஆன்டிபயாடிக் வேண்டுமா, வேண்டாமா என்பதை அப்போது நாங்கள் பரிசோதித்துச் சொல்கிறோம்.