காவி கட்டிய ரோமாபுரிக்காரர்

எடமலைப்பட்டி புதூர் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் வாழைமரம். மணப்பெண்ணுக்குப் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. கழுத்தில் ஏறும் தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும். குத்துவிளக்கின் உச்சியில் அன்னம் இருக்க வேண்டிய இடத்தில் சிலுவை நிற்கும். பந்தியில் தலைவாழை இலை.

கப்பலேறி வந்த மதம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டது, இப்படி வீட்டுப் பழக்கத்தோடு கலந்தது எப்படி? அந்தக் கதையின் ஒரு நுனி, ஊரை ஒட்டிப் போகும் மதுரை ரோட்டின் மறுமுனையில் இருக்கிறது.

'பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா?'

1606-ல் மதுரைக்கு வந்து சேர்ந்தார் ராபர்ட் தெ நோபிலி. ரோமில் பிறந்தவர், இயேசு சபைத் துறவி, வயது 29. கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் அவருக்கு முன்பே பத்து வருஷத்துக்கும் மேலாக அங்கே இருந்தார். கடற்கரையிலிருந்து வந்துபோகும் பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைத்தார். ஆனால், மதுரைக்காரர் ஒருவர்கூட அவரிடம் ஞானஸ்நானம் பெறவில்லை.

காரணத்தை நோபிலி சீக்கிரமே கண்டுபிடித்தார். போர்த்துக்கீசியரை ஊர் 'பரங்கி' என்றது. மாட்டிறைச்சி தின்பவர்கள், மது குடிப்பவர்கள், குளிக்காதவர்கள் என்று அந்தச் சொல்லுக்குள் ஏகப்பட்ட வெறுப்பு. ஞானஸ்நானம் கொடுக்கும்போது, 'பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா?' என்ற பொருளில்தான் பாதிரியார்களே கேட்டு வந்தார்கள். கிறிஸ்துவை ஏற்பதென்றால் பரங்கி ஆவது என்றே ஊரும் புரிந்துகொண்டது.

நோபிலி கறுப்பு அங்கியைக் கழற்றினார். காவி உடுத்தினார், பாதக்குறடு மாட்டினார். தனிக் குடிலில் ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு. தமிழும் தெலுங்கும் படித்தார். சிவதர்மர் என்ற பிராமண ஆசிரியரிடம் சமஸ்கிருதம் கற்றார். 'தத்துவ போதகர்' என்று பெயர் பெற்றார். 'ஞானோபதேசம்' உள்ளிட்ட அவருடைய நூல்களைத் தமிழ் உரைநடை வரலாற்றில் இன்றும் பேசுகிறார்கள்.

பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 'பூணூலும் குடுமியும் சந்தனமும் இவர்கள் மதச் சடங்கு. அதை எப்படி அனுமதிக்கலாம்?' என்பது புகாரின் சாரம். அவை சமூக அடையாளங்கள்தான், மதத்தோடு சேர்ந்தவை அல்ல என்பது நோபிலியின் பதில். வழக்கு கோவாவுக்குப் போனது, ரோமுக்கும் போனது. கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலக்காமல் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்.

சந்தனத்தோடு வந்த சாதி

நோபிலி ஜெயித்துவிட்டார். ஆனால், அந்த ஜெயத்துக்கு ஒரு விலை இருந்தது. உயர்குலத் துறவியாக வாழ்பவர் சேரிக்குள் போக முடியாது. போனால் மற்றவர்கள் அவரை அண்ட மாட்டார்கள். அதனால் 1640-ல் பல்தசார் தா கோஸ்தா என்ற துறவி 'பண்டாரசாமி' கோலத்தில் இறங்கினார். ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் போவதற்கென்றே ஏற்பட்ட ஏற்பாடு இது. வேதம் ஒன்றுதான். குருக்கள் மட்டும் இரண்டு வகை!

இத்தனைக்கும் அனுமதி கொடுத்த அந்த 1623 ஆணையிலேயே ஒரு வேண்டுகோள் இருந்தது. எளிய குலத்தவரை, குறிப்பாக ஆலயத்துக்குள், இகழாதீர்கள் என்று உயர்குலத்தாரிடம் போப் மன்றாடியிருந்தார். சந்தனத்துக்குக் கிடைத்த அனுமதி நிலைத்த அளவுக்கு இந்த மன்றாட்டு நிலைக்கவில்லை.

சீர்திருத்த சபைகளுக்கும் இதே தலைவலி வந்தது. திருச்சி புத்தூரில் கல்லூரிக்குப் பெயர் தந்திருக்கும் பிஷப் ஹீபர், சாதி விஷயத்தில் அவசரப்படாமல் நிதானமாகப் போகலாம் என்று எண்ணியவர். அவர் 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியில் குளிக்க இறங்கிய இடத்திலேயே இறந்துபோனார். இங்கேயே புனித யோவான் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பின்னால் வந்த பிஷப் டேனியல் வில்சன் 1833-ல், சபைக்குள் சாதி கூடவே கூடாது, உடனே விட வேண்டும் என்று உத்தரவு போட்டார். என்ன நடந்தது? தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்.

காவிரிக் கரையில் இன்னொரு காவி

முந்நூறு வருஷம் கழித்து அதே காவி மறுபடி வந்தது. இந்த முறை திருச்சிக்கு மேற்கே, குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில். 1950-ல் ஜூல் மொன்ஷனன், ஆன்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுத் துறவிகள் காவிரிக் கரையில் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். லெ சோவை அபிஷிக்தானந்தா என்றால்தான் பலருக்குத் தெரியும். 1968-ல் பொறுப்பேற்ற ஆங்கிலேயர் பீட் கிரிஃபித்ஸ், 1993-ல் இறக்கும்வரை ஆசிரமத்தின் முகமாக இருந்தார். கோயில் பாணியில் ஆலயம், தரையில் உட்கார்ந்து ஜெபம், ஆரத்தி, உபநிடத வாசிப்பு என்று அங்கே வழிபாடு நடந்தது.

நோபிலிக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நோபிலி கற்றுக்கொடுக்க வந்தார், கற்றதெல்லாம் அதற்காக. சாந்திவனத்துக்காரர்கள் கற்றுக்கொள்ளவும் உட்கார்ந்தார்கள். அபிஷிக்தானந்தா திருவண்ணாமலையில் ரமணரைத் தரிசித்து, அருணாசலக் குகைகளில் தங்கியவர். ஆள்சேர்ப்பதைவிட இந்த அனுபவம்தான் அவரை ஆட்டிவைத்தது.

இருந்தும் இரண்டு பக்கமிருந்தும் கேள்வி வந்தது. 'காவியைக் கட்டி ஏமாற்றுகிறீர்களா?' என்று இந்து விமர்சகர்கள் கேட்டார்கள். 'இந்தியப் பண்பாடு என்று நீங்கள் எடுத்தது யாருடைய பண்பாடு? எங்கள் பறைக்கும் எங்கள் சாமிக்கும் எங்கள் பாட்டுக்கும் அதில் இடம் எங்கே?' என்று 1980-களில் எழுந்த தலித் இறையியல் கேட்டது.

இரண்டாவது கேள்விதான் கனமானது. ஓர் ஊரின் பண்பாட்டைத் தழுவுகிறேன் என்று வருபவர், அந்த ஊரில் மேலே இருப்பவர்களின் பழக்கத்தையே பண்பாடு என்று எடுத்துக்கொண்டால், கீழே மிதிபட்டவர்களுக்கு என்ன நற்செய்தி அது?

இது பழங்கதை இல்லை. எடமலைப்பட்டி புதூரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் மேலப்புதூர் இருக்கிறது. அங்கே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைத் தனியே பிரிக்கும் சுவரை எதிர்த்துப் பல ஆண்டுகளாகக் குரல் எழுந்து வந்திருக்கிறது.

வாழைமரம், மல்லிகை, குத்துவிளக்கு, தாலி எல்லாம் அழகாகவே மதம் மாறிக்கொண்டன. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. கல்யாணப் பந்தியில் இலை போடும்போது பக்கத்தில் யார் உட்காரலாம், யார் கூடாது என்ற எண்ணம் மட்டும் ஞானஸ்நானம் வாங்காமலே பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே அனுப்ப ரோமாபுரியிலிருந்து இன்னொருவர் காவி கட்டி வர வேண்டியதில்லை. பந்தியில் இருப்பவர்களே எழுந்தால் போதும்.