பேரன் போட்ட பூட்டு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கள்ளக்குறிச்சியில் பிரெஞ்சு தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தத் தைரியத்தில், ஓய்வூதியம் வரும் கணக்குக்கு 'அசெர்த்தி' என்று கடவுச்சொல் வைத்து, பின்னால் ஓர் எண்ணையும் சேர்த்திருந்தேன். பிரெஞ்சுத் தட்டச்சுப் பலகையின் முதல் ஆறு எழுத்துகள் அவை. விடுமுறைக்கு வந்த பேரன் சிரித்துவிட்டான். "தாத்தா, பிரான்ஸ்ல எல்லாரும் இதத்தான் வெக்கிறாங்க. திருடன் வெச்சிருக்கிற பட்டியல்ல மொத பக்கத்துலயே இருக்கும்."

நம் வயதுக்காரர்கள் பெரும்பாலும் பெயரும் பிறந்த ஆண்டும்தான் வைக்கிறோம். இல்லாவிட்டால் கோமுகி என்று போட்டு 123. ஆதார் பிடிஎஃப் கோப்பைத் திறக்கவே பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தானே? அதையே வங்கிக்கும் வைத்தால், பெயர் தெரிந்தவன் நூறு முறை முயன்றால் போதும். மூன்று முறை தப்பானால் வங்கி பூட்டிவிடுமே என்பீர்கள். ஆனால் வேறொரு தளத்திலிருந்து பட்டியல் திருடுபோனால், திருடன் தன் கணினியிலேயே உட்கார்ந்து இரவெல்லாம் முயலலாம். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் வெளியே போயின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456.

பேரன் பைத்தானில் நாலைந்து வரி எழுதினான். அதில் 'ரேண்டம்' என்று ஒரு பகுதி இருக்கிறதாம். விளையாட்டுக்குச் சரி, பூட்டுக்கு ஆகாது. சூத்திரப்படி எண்களைத் தருவதால், தொடர்ந்து 624 எண்களைப் பார்த்தவன் அடுத்ததைச் சொல்லிவிடுவானாம். கடவுச்சொல்லுக்கென்றே 2016-இல் 'சீக்ரெட்ஸ்' என்ற பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். அவன் பன்னிரண்டு எழுத்து கேட்டான். தலையும் வாலும் புரியாத ஒன்று வந்து விழுந்தது. கணினி வேண்டாதவர்களுக்குப் பகடை இருக்கிறது. ஐந்து முறை உருட்டினால் 7776 சொற்கள் உள்ள பட்டியலில் ஒரு சொல். அப்படி ஆறு சொல். 1995-இல் அர்னால்டு ரைன்ஹோல்டு சொன்ன வழி. இரண்டிலும் விஷயம் ஒன்றே: தேர்ந்தெடுப்பது நம் மனசு இல்லை. மனசுக்குப் பிள்ளைகள் பெயரையும் குலதெய்வத்தையும் விட்டால் வேறு தெரியாது.

1883-இலேயே கெர்க்காஃப்ஸ் என்பவர் பிரெஞ்சு இராணுவ இதழில் எழுதினார்: முறை எதிரிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் தெரியக்கூடாது. எங்கள் அலுவலகத்தில் பீரோ சாவி காந்தி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கடைநிலை ஊழியர் முதல் எல்லோருக்கும் தெரியும்!

இதையெல்லாம் எப்படி ஞாபகம் வைப்பது என்கிறார்கள். வைக்க வேண்டாம், நோட்டில் எழுதுங்கள் என்பதே என் கட்சி. கடவுச்சொல் திருடுபவன் எங்கிருந்தோ வருகிறான். நம் வீட்டு அலமாரிக்கு வரப்போவதில்லை. செல்போனின் முதுகில் மட்டும் ஒட்டி வைக்காதீர்கள். எனக்கு ஏதாவது ஆனால் வீட்டில் ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்பதும் இருக்கிறது. என் நோட்டு எங்கே என்று என் மனைவிக்குத் தெரியும். எனக்குத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறது.